நடக்காததற்கு இடமில்லை

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பூனை எட்டாவது முறையாக மணல் தட்டில் ஏறி உட்கார்ந்தது. முதுகை வளைத்தது. வாலை நடுங்கவிட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுப்பியது. பிறகு இறங்கி, தட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. மணல் காய்ந்தே இருந்தது.

பிளம்பர் குந்தி உட்கார்ந்து மணலைக் கையால் கிளறிப் பார்த்தார். எங்கே ஈரம் இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தொழில். இங்கே இருக்க வேண்டும். இல்லை.

நேற்று ராத்திரியிலிருந்தே இப்படித்தான் போவதும் வருவதுமாக இருக்கிறது என்றாள் மனைவி. மலச்சிக்கல் என்று நினைத்துவிட்டாளாம்.

அவர் பூனையின் வயிற்றைத் தொட்டார். உள்ளே ஒரு சின்ன ஆரஞ்சுப் பழம்போல ஏதோ இறுகி நின்றது. பூனை அவர் கையைக் கடித்தது. ஆறு வருடத்தில் அது அவரைக் கடித்ததில்லை.

பூனையின் பெயர் மேஸ்திரி. வீட்டில் அவர் எந்தக் குழாயைக் கழற்றினாலும் பக்கத்தில் வந்து உட்காரும். கடைசி மரை இறுகும்வரை எழுந்திருக்காது. வேலை எதுவும் செய்யாது. அதனால் அந்தப் பெயர்.

"அடைப்பு" என்றார்.

"டாக்டர் மாதிரி பேசாதீங்க."

"பிளம்பர் மாதிரிதான் பேசுறேன். டேங்க் நிறைஞ்சிருக்கு. கீழ வரல."

மனைவி பூனையைப் பார்த்தாள். ரொட்டிக்கடையில் அவளுக்கு எட்டு மணி ஷிப்ட். கைப்பையைத் தோளில் மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "நீங்க கெளம்புங்க. அங்க போயி மணிக்கொரு தரம் போன் பண்ணுங்க. சும்மா நின்னுட்டு வந்துடாதீங்க."

வெங்காயக் கூடையில் துண்டை விரித்துப் பூனையை வைத்தார். மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் கம்பியால் முறுக்கினார். எட்டு மணிக்கு மையத்தில் இருந்தார்.

செல்லப்பிராணி நல மையம் மூன்று மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்தவுடன் எதிர்ச் சுவரில் ஆளுயரச் சுவரொட்டி. இந்த ஏழு அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. மூன்றாவது அறிகுறி: ஆண் பூனை சிறுநீர் கழிக்க முயன்று முடியாமல் தவித்தல். படமும் போட்டிருந்தார்கள். படத்துப் பூனை மேஸ்திரியைவிட நிம்மதியாக இருந்தது.

அவருக்குத் தெம்பு வந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்.

சுவரொட்டிக்குக் கீழே கண்ணாடி ஜன்னல். பின்னால் ஒரு பெண். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் முதல்நிலை மதிப்பீட்டு அலுவலர் என்று இருந்தது.

"அவசரங்க" என்றார் பிளம்பர்.

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தாள். "அதை நீங்க சொல்லக் கூடாது."

அவருக்குப் புரியவில்லை.

"கொண்டு வர்ற எல்லாருக்குமே அவசரம்தான். அதனால அந்த வார்த்தையை இனிமே நாங்கதான் சொல்றதுன்னு வச்சிருக்கோம். நீங்க நடந்ததை மட்டும் சொல்லுங்க. அவசரமா இல்லையான்னு படிவம் சொல்லும்."

அவர் அண்ணாந்து சுவரொட்டியைக் காட்டினார். மூன்றாவது.

"அது பொதுமக்களுக்கு. பார்த்துத் தெரிஞ்சுகிட்டு இங்க வர்றதுக்கு. வந்துட்டீங்கல்ல? இனிமே எங்க பட்டியல்."

படிவம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பிராணியின் பெயர், இனம், குணம், பெயர்க் காரணம். அவர் கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றபடியே நிரப்பினார். பெயர்க் காரணத்துக்கு இரண்டு வரி கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஒரு வரிதான் தேவைப்பட்டது. இரண்டாம் பக்கத்தில் கேள்விகள் குறைவு, கட்டங்கள் அதிகம். என்ன நிகழ்ந்தது? எப்போது நிகழ்ந்தது? எத்தனை முறை நிகழ்ந்தது? நிகழ்ந்ததன் அளவு மில்லி லிட்டரில்.

யோசித்தார். பிறகு முதல் கட்டத்தில் "சிறுநீர் வரவில்லை" என்று எழுதினார். மற்றவற்றில் கோடு போட்டார். கையெழுத்துப் போட்டு உள்ளே நீட்டினார்.

அலுவலர் பேனா நுனியால் கட்டங்களைத் தொட்டுத் தொட்டுக் கூட்டினாள். அதிக நேரம் ஆகவில்லை.

"உங்க பூனைக்கு மதிப்பெண் பூஜ்யம்."

"அப்படின்னா?"

"ஆரோக்கியம்."

"ஒண்ணும் வரலைங்கறதுதாங்க வியாதியே."

"வராததை எழுத இதுல இடம் இல்லைங்க. வாந்தின்னா எத்தனை தடவைன்னு போடலாம். ரத்தம்னா எவ்வளவுன்னு போடலாம். வரலைங்கறதை எப்படி அளக்குறது?" அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டாள். "போன வருஷம் ஒரு நாய்க்கு மூச்சு வரலைன்னு கொண்டு வந்தாங்க. அதுக்கும் இதே சிக்கல்தான்."

அந்த நாய் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. வாடிக்கையாளர் வீடு. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அம்மா, கழிவறை அடைத்துக்கொண்டது என்றார்.

"தண்ணி நிக்குதா, ஏறுதா?"

ஏறுகிறதாம். மெயின் வால்வை மூடச் சொன்னார். மச்சான் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான், பத்து நிமிடத்தில் வந்துவிடுவான் என்றார். மச்சானுக்குப் போன் போட்டார். இரண்டு அழைப்பும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகவில்லை. நிமிர்ந்தபோது அலுவலர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. அவசரப் பிரிவில் அனுமதி இல்லை என்றால் சிறுநீர்ப் பிரிவில் சாதாரண டோக்கன் வாங்கலாம். சிறுநீர் சம்பந்தப்பட்ட எந்தப் புகாருக்கும் மாதிரி இல்லாமல் டோக்கன் கிடையாது. அலுவலர் மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் புட்டியை ஜன்னல் வழியாகத் தள்ளினாள். அதன்மேல் மேஸ்திரி என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தாள்.

"இதுல புடிச்சிட்டு வந்துடுங்க."

"இதுல புடிக்கிற மாதிரி இருந்தா நான் ஏங்க இங்க வரப்போறேன்?"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க. கொஞ்சம் தண்ணி குடிக்க வச்சுப் பாருங்க."

காத்திருக்கும் கூடத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். மடியில் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் ஆமை. ஆமைக்காரர் இங்கே பழையவர் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்திருந்தார்.

"பூனையா?" என்றார். "தப்புப் பண்ணிட்டீங்க தம்பி. இங்க கொண்டு வர்றதுக்கு ஏத்த பிராணி ஆமை ஒண்ணுதான். நானும் முதல்ல முயல்தான் வச்சிருந்தேன்."

பிளம்பர் கூடையைத் தரையில் வைத்தார். மேஸ்திரி உள்ளே குந்தியது. முக்கியது. ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தது. சத்தம் முன்பைவிடச் சின்னதாக இருந்தது. சத்தம் குறைவது நல்லதில்லை என்று அவருக்குத் தோன்றியது. மோட்டார் எரிவதற்கு முன்னால் இப்படித்தான் இரைச்சல் இறங்கும்.

டாக்டர்கள் எங்கே என்று கேட்டார்.

எல்லாரும் மேலே இருக்கிறார்கள் என்றார் ஆமைக்காரர். அவசர சிகிச்சை விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. இயக்குநர் பேசுகிறார். டாக்டர்கள் ஒருவர் விடாமல் உட்கார வேண்டும். பிராணி கொண்டுவருகிறவர்களும் உட்கார வேண்டும். வெளியே வரும்போது புறங்கையில் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத கைக்கு இந்த வாரம் டோக்கன் கிடையாது. ஆமைக்காரர் தன் கையை நீட்டினார். மூன்று முத்திரைகள் இருந்தன.

மனைவி போன் செய்தாள். டாக்டர் பார்த்தாரா என்றாள். இன்னும் இல்லை, ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். அந்தப் பக்கம் அடுப்புத் தட்டுகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"ஊர்ல அடைச்ச குழாயெல்லாம் எடுக்கத் தெரியுது. ஒரு சீட்டு வாங்கத் தெரியல உங்களுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேல்மாடி அரங்கில் குளிரூட்டி ஓடியது. முன்வரிசைகளில் வெள்ளைக் கோட்டுகள். பின்வரிசைகளில் கூண்டுகள், பெட்டிகள், கயிறுகள். அவர் கடைசி வரிசையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். நல்ல குரல்.

"நண்பர்களே, அவசரம் என்பது ஒரு மனநிலை அல்ல. அது ஒரு முறைமை. பத்து வருடங்களுக்கு முன்னால் இந்த மையத்தில் யார் வேண்டுமானாலும் பிராணியைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவர் அறைக்குள் ஓடலாம். தடுக்க ஆளில்லை. பிராணிகள் பிழைத்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் எப்படிப் பிழைத்தன என்பதற்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இன்று நிலைமை அப்படி இல்லை. இன்று நம்மிடம் ஒவ்வொரு இழப்புக்கும் முழுமையான கோப்பு இருக்கிறது."

கைதட்டினார்கள். வெள்ளைக் கோட்டுகள் முதலில் தட்டின.

திரையில் படம் மாறியது. கீழே சுவரொட்டியில் பார்த்த அதே பூனை.

"மூன்றாவது அறிகுறி. இதைப் பலர் மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள். மாபெரும் தவறு. ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை குறுகியது. ஒரு மணல் துகள் போதும். அடைத்துவிட்டால் சிறுநீர் பின்னுக்கு ஏறும். சிறுநீரகம் வேலை நிறுத்தம் செய்யும். ரத்தத்தில் நஞ்சு சேர்ந்து இதயம் தடுமாறும். ஒரு நாள். மிஞ்சிப்போனால் இரண்டு நாள். இந்தப் பூனையை யாராவது கொண்டுவந்தால் நாம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது."

பிளம்பர் எழுந்து நின்றுவிட்டார். தான் எழுந்தது கூடை முழங்காலில் இடித்த பிறகுதான் தெரிந்தது.

"ஐயா, இதுதாங்க அது."

அரங்கம் திரும்பியது. இயக்குநர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது.

"மேலே வாங்க. வாங்க, வாங்க. பயப்படாதீங்க."

கம்பியை அவிழ்த்தார்கள். மேஜையில் துணி விரித்து மேஸ்திரியைப் படுக்க வைத்தார்கள். மேல் விளக்கைப் போட்டார்கள். இயக்குநர் அதன் வயிற்றில் விரலை வைத்து, கல்லைப்போல இருக்கிறது பாருங்கள் என்றார். வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக வந்து ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தன. பாதிப் பேர் குறிப்பு எடுத்தார்கள். கடைசியாக வந்த இளம் பெண் மருத்துவர் விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார். பூனையின் ஈறைத் தூக்கிப் பார்த்தார். பிளம்பரைப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நேத்து ராத்திரி."

அதற்குள் அடுத்தவருக்கு இடம் விடச் சொன்னார்கள்.

மேஸ்திரி விரிப்பின்மேல் வாந்தி எடுத்தது. இயக்குநர் கையை உயர்த்தினார். "கவனிச்சீங்களா? அடுத்த கட்டம். சொல்லி வைத்த மாதிரி." மறுபடி கைதட்டல். பின்வரிசையிலிருந்து யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

பிறகு பூனையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். மிக நல்ல உதாரணம் என்று இயக்குநர் அவர் தோளைத் தட்டினார்.

"ஐயா, அப்ப வைத்தியம்?"

"கீழே பதிவு பண்ணுங்க. உடனடியாப் பண்ணுங்க. இது ரொம்பவும் அவசரமான நிலை."

"நீங்களே சொல்றீங்கல்ல ஐயா, அவசரம்னு. இங்கேயே யாரையாவது பாக்கச் சொன்னீங்கன்னா."

இயக்குநர் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். குரல் இன்னும் கனிந்தது. "நான் இங்க பேச்சாளரா சொன்னது அது. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பூனைக்காக நான் விதியை வளைச்சேன்னு வைங்க. நாளைக்கு வர்ற எல்லாப் பூனையையும் காப்பாத்த வேண்டியிருக்கும்."

வாசலில் முத்திரை குத்தினார்கள். நீல மையில், வட்டத்துக்குள் ஒரு இதயம்.

அவர் படியிறங்கி ஓடினார். ஜன்னலில் கையைக் காட்டினார். மேஸ்திரி வாந்தி எடுத்துவிட்டது, இப்போது நிகழ்ந்திருக்கிறது, ஒரு தடவை, இரண்டு தேக்கரண்டி அளவு, படிவத்தில் போடுங்கள் என்றார்.

எங்கே எடுத்தது என்று அலுவலர் கேட்டாள்.

"மேல. மேடையில. இயக்குநர் ஐயாவே பாத்தாரு."

அலுவலர் உதட்டைப் பிதுக்கினாள். மையத்துக்குள் நிகழ்ந்தவை படிவத்தில் வராது. படிவம் வருகைக்கு முன்னால் நிகழ்ந்தவற்றுக்கு. வருகைக்குப் பிறகு நிகழ்வதெல்லாம் சிகிச்சையின் பகுதியாகக் கருதப்படும்.

"சிகிச்சையே இன்னும் ஆரம்பிக்கலையே."

"அதனாலதான் அதுக்குத் தனிப் படிவம் இன்னும் வரல" என்றாள். மாதிரி கொண்டுவந்தால் போதும், முத்திரைதான் இருக்கிறதே, நொடியில் டோக்கன் தருகிறேன் என்று ஆறுதல் சொன்னாள்.

அவர் கூடத்துக்குத் திரும்பினார். வெற்றுப் புட்டியைக் கையில் வைத்து உருட்டினார். ஆமைக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆமை தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்தது.

மேஸ்திரி இப்போது குந்தவில்லை. பக்கவாட்டில் படுத்திருந்தது. கூடை இடுக்கு வழியாக விரலை விட்டார். கடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். கடிக்கவில்லை.

வேறு மையம் இருக்கிறதா என்று ஆமைக்காரரைத் தட்டிக் கேட்டார். இருந்தது, இப்போது அது இதன் கிளை என்றார் அவர்.

அப்போது பக்கவாட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. மேடையில் பார்த்த இளம் மருத்துவர். தலையை மட்டும் நீட்டிக் கையால் கூப்பிட்டார். பிளம்பர் கூடையோடு உள்ளே நுழைந்தார். சின்ன அறை. ஆய்வுக்கூடத்தின் ஓரம்.

"டோக்கன் இல்லாம நான் சிகிச்சை பண்ணக் கூடாது" என்றார் மருத்துவர். சொல்லிக்கொண்டே கையுறை மாட்டினார். "போன மாசம்தான் ஒரு நாய்க்காக மெமோ வாங்கினேன். இன்னொண்ணு வாங்கினா வேலை போயிடும். ஆனா மாதிரி எடுக்கறது சிகிச்சை இல்ல. ஆய்வுக்கூட வேலை. அதுக்கு டோக்கன் வேண்டாம். புடிச்சுக்குங்க. அசைய விடாதீங்க."

அவர் பூனையின் தோள்களைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் அடிவயிற்றில் மயிரை விலக்கி, துடைத்து, மெல்லிய ஊசியை இறக்கினார். சிரிஞ்சுக்குள் சிவப்பு கலந்த மஞ்சள் ஏறியது. ஒன்று நிரம்பியது. இன்னொன்று. மருத்துவர் எண்ணாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். பிளம்பர் தன் உள்ளங்கைக்குக் கீழே அந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைக் கவனித்தார். மேஸ்திரி கண்ணைத் திறந்து, நடக்கும் வேலையைப் பார்த்தது.

பிளம்பர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இதோட முடியல" என்றார் மருத்துவர். "கீழ அடைப்பு அப்படியேதான் இருக்கு."

"தெரியுது டாக்டரம்மா. டேங்க்கை மேலேர்ந்து மொண்டு எடுத்திருக்கீங்க. பைப்பு எடுக்கல."

மருத்துவர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதேதான். ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல தாங்காது. மறுபடி நிரம்பிடும். இதையே திரும்பத் திரும்பப் பண்ணவும் முடியாது, மூத்திரப்பை கிழிஞ்சிடும். குழாய் போட்டு அடைப்பை எடுக்கணும், ரெண்டு நாள் சேர்த்து வச்சுப் பாக்கணும். நான் எல்லாத்தையும் எடுத்து ரெடியா வைக்கிறேன். நீங்க டோக்கனை மட்டும் வாங்கிட்டு வாங்க. ஓடுங்க."

புட்டியை நிரப்பி மூடிக் கையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே மனைவிக்குப் போன் போட்டார். கிடைத்துவிட்டது என்றார். என்ன கிடைத்தது என்றாள். மூத்திரம் என்றார். கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி அவள் அழுதுவிட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் அவருக்கு ஒரு விக்கல் மட்டும் கேட்டது.

ஜன்னலில் வேறு யாரும் இல்லை. அவர் முத்திரைக் கையை வைத்தார். அதன் பக்கத்தில் புட்டியை வைத்தார். கூடையைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் நிறுத்தினார்.

அலுவலர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? முடியாது முடியாதுன்னீங்க." புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோட்டளவுக்கு இருக்கிறது என்று தலையாட்டினாள். டோக்கன் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து எண் எழுதினாள். தேதி போட்டாள். கிழித்த டோக்கன் அவர் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

விதிப்படி டோக்கனைப் படிவத்தோடு ஒப்பிட வேண்டும். அவள் படிவத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். முதல் கட்டத்தில் அவர் எழுதியிருந்ததை வாசித்தாள். புட்டியைப் பார்த்தாள். திரும்பவும் வாசித்தாள். டோக்கன்மேல் உள்ளங்கையை வைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிளம்பர் சொல்லிப் பார்த்தார். தானாக வரவில்லை, டாக்டரம்மா ஊசி போட்டு எடுத்தார்கள், உள்ளே அடைப்பு அப்படியே இருக்கிறது, இரண்டு மணி நேரம்தான் என்றார்கள், அதில் பத்து நிமிடம் போய்விட்டது. வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்று பக்கவாட்டுக் கதவைக் காட்டினார். கதவு பாதி திறந்திருந்தது. மருத்துவர் கையுறை போட்ட கைகளை எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்தபடி அங்கே நின்றிருந்தார்.

அலுவலர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எப்படி வந்தது என்பதற்கு அவளிடம் கட்டம் இல்லை. வந்ததா இல்லையா என்பதற்குத்தான் இருந்தது.

கூடைக்குள் மேஸ்திரி எழுந்தது. துண்டைக் காலால் பறித்தது. முதுகை வளைத்துக் குந்தியது.

அலுவலர் படிவத்தைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள், அவருக்குத் தெரியும்படி. இன்னொரு கையில் புட்டி. அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"வரலைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப இது யாருது?"